பத்திரத்தில் வராத தெரு

ஃபிளாட் விளம்பரத்தில் ‘கலகலப்பான பகுதி’ என்று ஒரு வரி இருந்தால், அந்த வரிக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே இறங்கினால் நாலு மொழி காதில் விழும், ராத்திரி பத்து மணிக்கும் கடை திறந்திருக்கும், ரயில் நிலையம் நடக்கிற தூரம், எதிர்க் கட்டடத்தில் எத்தனை நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. இப்படி ஒரு பேட்டையில் வீடு வாங்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பணத்தைக் கொடுத்து, பதிவை முடித்து, சாவியை வாங்கும்போது கைக்கு வந்து சேர்வது என்ன என்று பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

முதலாவது, நாலு சுவருக்குள் இருக்கும் இடம். அது முழுக்க உங்களுடையது. இரண்டாவது, படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, தூண்கள், கழிவுநீர்க் குழாய், கட்டடம் நிற்கும் நிலம் ஆகியவற்றில் ஒரு பிரிக்கப்படாத பாகம் (சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் நீண்ட காலக் குத்தகை, சில இடங்களில் கூட்டுறவு சங்கத்தில் பங்கு, ஆனால் எப்படிப் பார்த்தாலும் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்துதான் முடிவெடுக்க முடியும்). மூன்றாவது, தெரு. விலையை ஏற்றிவிட்டது இந்த மூன்றாவதுதான், ஆனால் பத்திரத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இருக்காது. நான்கெல்லை எழுதும்போது ‘தெற்கே தெரு’ என்று வருமே, அதோடு சரி.

வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலாவதை மணிக்கணக்கில் பார்க்கிறார்கள், மூன்றாவதைப் பார்த்து மயங்குகிறார்கள், இரண்டாவது பக்கம் திரும்புவதே இல்லை. தரை ஓடு, சமையலறை மேடை, வெளிச்சம், கடன் தவணை பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதைத் தொடவில்லை.

தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பேட்டையில் பல ஊர்க்காரர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் யாரும் திட்டம் போட்டு நடப்பதில்லை. வாடகை குறைவு, வேலைக்குப் போக வண்டி வசதி, முன்னாலேயே வந்து சேர்ந்த சொந்தக்காரரோ ஊர்க்காரரோ அங்கே ஒருவர் இருப்பது, இந்த மூன்றும் கூடினால் போதும். அதனால்தான் துறைமுகம், பெரிய ரயில் நிலையம், பழைய ஆலைகள் ஆகியவற்றை ஒட்டிய பகுதிகளில் இந்தக் கலப்பை அதிகம் பார்க்கலாம். நாலாவது காரணம் ஒன்றும் உண்டு, அதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்: மற்ற இடங்களில் கதவு சாத்தியிருந்தது. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதப்பட்ட ஏராளமான வீட்டுப் பத்திரங்களிலேயே கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது, பல இடங்களில் யூதர்களுக்கும் ஆசியர்களுக்கும் அதே கதிதான். அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல். விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1968-ல். இன்று ‘பல பண்பாடுகள் கலந்த துடிப்பான பகுதி’ என்று கூடுதல் விலைக்குப் போகும் எத்தனையோ தெருக்கள், ஒரு காலத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து ஒதுங்கிய தெருக்கள்.

அந்தத் தெரு கலகலப்பாக இருப்பதற்கு மனிதர்கள் மட்டும் காரணமில்லை, கட்டடங்களின் வயதும் காரணம். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பகுதி உயிரோடு இருக்க நாலு விஷயம் வேண்டும் என்றார்: வீடு, கடை, வேலை எல்லாம் ஒரே இடத்தில் கலந்திருக்க வேண்டும், தெருக்கள் குட்டை குட்டையாக அடிக்கடி குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும், புதுசும் பழசுமாகக் கட்டடங்கள் இருக்க வேண்டும், ஜனம் நெருக்கமாக வசிக்க வேண்டும். வீடு வாங்குகிறவருக்கு இதில் முக்கியமானது பழைய கட்டடம். புதிதாகக் கட்டினவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், ஆகவே அந்த வாடகையை வங்கியும் பெரிய சங்கிலிக் கடையும்தான் கொடுக்க முடியும். கட்டின கடன் எப்போதோ அடைந்துபோன பழைய கட்டடத்தில்தான் தையல்காரரும், செல்போன் பழுது பார்ப்பவரும், நேற்று வந்து இறங்கிய ஒருவர் தன் ஊர் ஆட்களுக்காகத் திறந்த சின்னக் கடையும் பிழைக்க முடியும். ஜேக்கப்ஸ் குடியிருந்து இதையெல்லாம் கவனித்த இடம் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ். இன்று அது அந்த நகரத்திலேயே விலை மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்று.

இந்த மாற்றத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது 1964-ல். லண்டனில் உழைக்கும் மக்கள் குடியிருந்த பகுதிகள் ஒவ்வொன்றாக நடுத்தர வர்க்கத்தின் கைக்குப் போவதைக் கவனித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், நிலவுடைமைச் சீமான்களைக் குறிக்கும் ‘ஜென்ட்ரி’ என்ற சொல்லிலிருந்து ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் குத்தலாகவே உருவாக்கினார். பொதுவாக நடப்பது இதுதான்: வாடகை குறைவு என்று மாணவர்களும் கலைஞர்களும் வருகிறார்கள், அவர்கள் இருப்பதால் நல்ல சம்பளக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் வாங்குவதைப் பார்த்து முதலீட்டுக்காக வாங்குகிறவர்கள் வருகிறார்கள். இந்த வரிசையில் நாம் எத்தனையாவது ஆள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. குற்ற உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, ஒருவர் ஒரு ஃபிளாட் வாங்காமல் விட்டால் பேட்டை பிழைத்துவிடாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தெருவைத் தெருவாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள், கடைக்காரர்கள் உட்பட. வாங்கின ஃபிளாட்டின் விலை ஏறினால் நமக்கு சந்தோஷம், அந்த ஏற்றம் அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் அவர்கள் தலையில் விடியும், அவர்கள் போய்விட்டால் நாம் எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அதுவும் கூடவே போகும். விலையும் ஏற வேண்டும், தெருவும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றுதான் பலிக்கும்.

விலை ஏறாவிட்டாலும் கலப்பு நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் (2005-ல் நோபல் பெற்றவர்) 1971-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதைக் கட்டம் போட்டுக் காட்டினார். கட்டங்களில் இரண்டு வகைக் காய்களைக் கலந்து வைக்க வேண்டும். எந்தக் காய்க்கும் மற்ற வகை மேல் வெறுப்பு கிடையாது, சுற்றியுள்ள கட்டங்களில் தன் வகை ஒரு குறிப்பிட்ட பங்குக்குக் கீழே போனால் மட்டும் இடம் மாறும். பாதிகூட வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு தன் வகை இருந்தாலே போதும் என்று வைத்தாலும், சில சுற்றுகளில் காய்கள் தனித்தனிக் கும்பல்களாகப் பிரிந்துவிடும். நிஜ வாழ்க்கையில் அந்தக் காயை நகர்த்துவது பெரும்பாலும் பள்ளிக்கூடம். கல்யாணம் ஆகும்வரை இந்தக் கலகலப்பு இல்லாமல் உயிர் வாழ முடியாது என்றவர்கள், குழந்தைக்கு ஐந்து வயது ஆனதும் வேறு பகுதியில் வீடு தேடுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சில அரசுகள் இதைச் சட்டத்தால் பிடித்து நிறுத்தப் பார்க்கின்றன, அது வாங்குகிறவரின் கணக்கில் நேராக வந்து உட்காரும். சிங்கப்பூரின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989-ல் வந்தது. அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில், ஒவ்வொரு புளோக்குக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இனவாரியாக ஒரு வரம்பு உண்டு. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க முடியாது. கலப்பு காப்பாற்றப்படுகிறது, சரி, ஆனால் வாங்க வருகிற ஆட்கள் குறைவதால் சிறுபான்மை இன உரிமையாளர் விலையைக் குறைக்கவோ மாதக்கணக்கில் காத்திருக்கவோ நேர்கிறது. நீண்ட நாள் முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து நிபந்தனைகளின் பேரில் கழகமே வாங்கிக்கொள்ளும் என்று 2022-ல் அறிவிக்க வேண்டி வந்தது. பெர்லினில் வேறு வழி. குடியிருப்பவர்களைக் காப்பதற்காக ‘மிலியூஷூட்ஸ்’ என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில், வீட்டை ஆடம்பரமாகப் புதுப்பிப்பதற்கும் வாடகைக் கட்டடத்தைத் தனித்தனி ஃபிளாட்டுகளாகப் பிரித்து விற்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். அப்படிப் பிரித்து விற்ற ஃபிளாட்டில் பழைய வாடகைக்காரர் இருந்தால், சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும் என்று சொல்லி அவரை வெளியேற்றப் புது உரிமையாளர் அந்த நகரத்தில் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும் ஃபிளாட் பக்கத்து ஃபிளாட்டைவிட மலிவாகக் கிடைப்பது அதனால்தான், யாரும் நமக்குச் சலுகை காட்டவில்லை.

எந்த ஊரானாலும் போகப் போகிற தெருவை இப்படிப் படிக்கலாம். கடைகள் இருக்கும் கட்டடங்கள் யாருடையவை, கடைக்காரர்களுடையவையா அல்லது ஒரே உரிமையாளரிடம் பத்துக் கடை இருக்கிறதா (பத்தும் ஒருவரிடம் இருந்தால், அவர் விற்க முடிவு செய்யும் நாளில் தெருவே காலி). ஒரு கடையில் நின்று ஏதாவது வாங்கிக்கொண்டே “எத்தனை வருஷமா இருக்கீங்க, ஒப்பந்தம் எப்ப முடியுது?” என்று கேட்டால் பெரும்பாலும் மனம் விட்டுச் சொல்வார்கள், தரகரிடம் ஒரு மாதம் பேசினாலும் இது கிடைக்காது. அப்புறம் கட்டடத்தின் வாசலில் தபால் பெட்டிகளைப் பார்க்கவும். பெயர் மேல் பெயர் ஒட்டி, பழைய பெயரை அடித்து, வேறு எழுத்தில் இன்னொன்று எழுதியிருந்தால் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட் கம்பியில் எண் பூட்டுப் போட்ட குட்டிக் குட்டிச் சாவிப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கினால், அது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஃபிளாட்டுகளின் அடையாளம். நான் ஒரு வாசலில் ஏழு எண்ணினேன், அந்தக் கட்டடத்தில் மொத்தமே இருபது வீடு. பார்சிலோனாவில் இது எல்லை மீறிப் போய், 10,101 சுற்றுலா ஃபிளாட்டுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-ல் மேயர் அறிவித்தார். நாள் வாடகை வருமானத்தை நம்பிக் கடன் வாங்கியவர்களுக்கு அது என்ன செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஃபிளாட்டுகளை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, அந்தப் பேட்டை அப்போதுதான் தூங்கிக்கொண்டிருக்கும். நான் ஒரு மேல் மாடி வீட்டை அப்படித்தான் பார்த்தேன். அமைதி, நல்ல காற்று, ஜன்னல் வழியாக எதிர் மாடியில் துணி காய்வதும் யாரோ ஒரு பெரியவர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவதும் தெரிந்தது. படுக்கையறையின் மேல்தளம் மட்டும் புது பெயிண்டில் பளிச்சென்று இருந்தது, கேட்டதற்கு உரிமையாளர் “உங்களை மாதிரி பார்க்க வர்றவங்களுக்காகத்தான்” என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குத் திரும்பவும் வந்து பார்க்கலாமா என்றதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் ஒத்துக்கொண்டார். தெருக் கூச்சல் நான் பயந்த அளவு இல்லை. ஜன்னலைச் சாத்தியதும் பேச்சும் சிரிப்பும் அடங்கிவிட்டன. அடங்காதது ஒன்றுதான்: பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் சமையல் புகையை இழுத்து வெளியே தள்ளும் பெரிய மின்விசிறியின் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் விரல் நுனியில் லேசாகத் தெரிந்தது.

ஒலியில் இந்த வித்தியாசம் முக்கியம். காற்றில் வரும் சத்தத்தை, அதாவது பேச்சு, ஹாரன் போன்றவற்றை, இடுக்கில்லாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பெருமளவு தடுக்கும். கட்டடத்தின் உடம்பு வழியாக வரும் அதிர்வு, மேல் வீட்டுக் காலடி, லிஃப்ட் மோட்டார், பாட்டின் கனத்த பேஸ், இவற்றுக்கு ஜன்னலை மாற்றிப் புண்ணியமில்லை. டெசிபல் கணக்கும் ஏமாற்றும்: 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகப் படும். ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரவு நேர சத்தம் வீட்டுக்கு வெளியே வருட சராசரியாக 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. கலகலப்பான எந்தத் தெருவும் அந்தப் பரீட்சையில் தேறாது. வெள்ளி இரவு ஒரு தடவை, வேலை நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை (குப்பை வண்டி, கண்ணாடி பாட்டில் கொட்டுவது, சரக்கு லாரி பின்னால் எடுக்கும்போது ‘பீப் பீப்’) போய்ப் பார்த்துவிட்டால் எந்த அளவுமானியும் தேவையில்லை.

குடி வந்த பிறகு புகார் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடக்கணக்காக இசை நடந்துவந்த அரங்குக்குப் பக்கத்தில் புது அடுக்குமாடி கட்டி, அதில் குடிவந்தவர்கள் புகார் கொடுத்து, அரங்கு மூடப்படுவது பல நகரங்களில் நடந்த கதை. அதைத் தடுக்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014-லும் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018-லும் ஒரு விதி சேர்ந்தது: மாற்றத்தைக் கொண்டுவருகிறவரே, அதாவது பின்னால் வருகிறவரே, சத்தத் தடுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். புதுக் கட்டடத்தில் வாங்கினால் சத்தத் தடுப்புக்கு என்ன செய்தீர்கள் என்று கட்டியவரிடம் கேட்கலாம், ஆனால் எனக்கு முன்னாலேயே இருந்த கடையை நான் வந்து அடக்கிவிடுவேன் என்ற நினைப்புக்கு அங்கே இடமில்லை.

இனி அந்த இரண்டாவது, பொதுப் பாகம். இதில்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவழிப்பேன். இந்த மாதிரிப் பேட்டைகளில் ஒரே கட்டடத்துக்குள் நாலு விதமான உரிமையாளர்கள் இருப்பார்கள். முப்பது வருடமாக அங்கேயே இருந்து இப்போது ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், கழுத்து வரை கடன் வாங்கிப் போன வருடம் வாங்கிய இளம் தம்பதி, வேறு நாட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருப்பவர், நாள் வாடகை நடத்துகிறவர். இவர்களுக்குள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது, பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டக் கூடாது என்பதைத் தவிர. ஆகவே விளம்பரத்தில் ‘குறைந்த பராமரிப்புக் கட்டணம்’ என்று பார்த்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். லிஃப்ட்டுக்கு ஆயுள் சுமார் 20, 25 வருடம், மொட்டை மாடி நீர்த்தடுப்புக்கு அதைவிடக் குறைவு, குழாய்களுக்கும் ஒரு காலம் உண்டு. யாரும் சேர்த்து வைக்காத பணத்தை யாராவது ஒரு நாள் மொத்தமாகக் கட்ட வேண்டும், அந்த நாளில் உரிமையாளர் நீங்களாக இருக்கலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மயாமி அருகே சர்ஃப்சைடில் இருந்த சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் உதாரணம். 1981-ல் கட்டிய 136 வீட்டுக் கட்டடம், லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களும் யூதக் குடும்பங்களும் ஓய்வு பெற்றவர்களும் கலந்து வாழ்ந்த இடம். நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே நீர்த்தடுப்பு பழுதாகிக் கான்கிரீட் கெட்டுப்போயிருப்பதாக 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்தார். எவ்வளவு செலவு, யார் கட்டுவது, இப்போதே செய்ய வேண்டுமா என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது, 2019-ல் வீட்டு உரிமையாளர் சங்க நிர்வாகிகளில் பெரும்பாலோர் பதவி விலகினார்கள். கடைசியில் 2021 வசந்தத்தில் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு முடிவானது, வீட்டுக்கு 80,000 டாலரில் தொடங்கி மூன்று லட்சத்துக்கு மேல். முதல் தவணை கட்ட வேண்டிய நாள் ஜூலை 1. ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் பெரும் பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே ஃபுளோரிடா, பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாயச் சோதனையையும் பழுது நிதி சேர்ப்பதையும் சட்டமாக்கியது.

எல்லாக் கட்டடமும் விழப்போவதில்லை. ஆனால் அந்த மூன்று வருட வாய்ச்சண்டை எல்லாக் கட்டடத்திலும் ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது, பல மொழிக்காரர்கள் இருக்கும் இடத்தில் அதில் இன்னொரு முடிச்சும் விழும். கூட்ட அறிவிப்பு ஒரே மொழியில் வரும், அது படிக்க வராதவர்கள் வர மாட்டார்கள், வராதவர்களைப் பற்றி ‘அவங்களுக்கு அக்கறையே இல்லை’ என்று வந்த நாலு பேர் பேசிக்கொள்வார்கள், குறைந்தபட்ச வருகை இல்லாமல் கூட்டம் கலையும். செருப்பை வாசலுக்கு வெளியே விடலாமா, பால்கனியில் துணி காயப் போடலாமா, விருந்தாளிகள் எத்தனை மணி வரை என்பதற்கெல்லாம் நடக்கும் சண்டை கண்ணுக்குத் தெரியும், கூரைக்குப் பணம் சேராதது தெரியாது. நான் பார்த்த ஒரு கட்டடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரே செய்தி மூன்று மொழியில், ஒன்று கையெழுத்தில், ஒட்டியிருந்தது. சங்கம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி நான் பார்க்கவில்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: சங்கத்தின் நிதி இருப்பு, எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், வழக்கு ஏதாவது நடக்கிறதா, கட்டடக் காப்பீடு, எத்தனை வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார், கடைசி மூன்று வருடக் கூட்டங்களின் மினிட்ஸ். கடைசியாகச் சொன்னதைத் தரத் தயங்குவார்கள், விடாமல் கேட்டு வாங்க வேண்டும். வாசிக்க அலுப்பாக இருக்கும், யாரோ யாரையோ வாகனம் நிறுத்துவதைப் பற்றித் திட்டியிருப்பார்கள், இருந்தாலும் ஒரு மாலை உட்கார்ந்து முழுக்கப் படிப்பது நல்லது.

அந்த மேல் மாடி வீட்டுக்கு நான் அப்படித்தான் வாங்கிப் படித்தேன். மின்விசிறியின் ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போட்டால் போயிற்று என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தேன். ஏழு கூட்டங்களின் மினிட்ஸ் இருந்தது. ஏழிலும், வேறு வேறு கையெழுத்தில், ஒரே வரி: “மொட்டை மாடி நீர்க்கசிவு – அடுத்த கூட்டத்தில் பேசுவது.” படுக்கையறையில் மட்டும் பெயிண்ட் ஏன் புதுசு என்று அப்போதுதான் புரிந்தது.